கயிறு இல்லாத பங்கா

வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன பங்களாவை வாங்கிய ரஹமத்துல்லா, மின்விசிறி வந்தாலும் கூடத்துக் கூரையில் ஆடும் பழைய துணி விசிறியான பங்கா அழகுக்கு அப்படியே தொங்கட்டும் என்றார். தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஆள் இழுத்த கயிற்றை மட்டும் கழற்றிவிட்டார்கள். அது நுழைந்த சுவர்த்துளையைக் கொத்தனார் செபஸ்தியான் காலையில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடைத்தார்.

மதியம் சோறு தின்றுவிட்டு அவரும் சித்தாளாக வந்த மனைவி இன்னாசிமேரியும் கூடத்திலேயே படுத்தார்கள். உடம்பெல்லாம் வலி. வெளியே ஓர் இலை அசையவில்லை. மேலே பங்கா மெல்ல ஆடியது.

“காத்து வருதுங்க,” என்றாள், கண்ணை மூடியபடி.

“வரட்டும். பேசாம தூங்கு.”

சற்று நேரத்தில் பங்கா நின்றது. புழுங்கியது. செபஸ்தியான் பாதித் தூக்கத்தில் முனகினார்.

“இழுங்க சாமி. தூங்கிட்டீங்களா?”

அடைத்த துளைக்கு அந்தப் பக்கம், தாழ்வாரத்தில், யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. பங்கா மறுபடியும் ஆடத் தொடங்கியது.