வீட்டுக்கு வந்த லத்தீன்

“திருச்சபை மறுபடி எழுந்து நிக்கணும்னா, அது நீடாமங்கலத்துல, இந்த ஹால்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும், ஃபிளோரா.”

இதைச் சொன்ன அருள்பிரகாஷ் எழுந்து நிற்கவில்லை. பம்ப்செட் கடையைத் திறக்கும் நேரம் தாண்டியும், சோபாவில் சாய்ந்து லேப்டாப்பை வயிற்றின் மேல் வைத்திருந்தார். தேவாலயப் பங்குப்பேரவைத் துணைத்தலைவர் ஆனதிலிருந்து சட்னியில் உப்பு இல்லை என்பதைக்கூடப் பிரசங்கமாகத்தான் சொல்வார்.

ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து வந்த அவர் மனைவி, நர்ஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள்.

“கான்வென்ட்ல லின்சிக்கு ஆறாவதுல சீட் குடுத்துட்டாங்க. வெள்ளிக்கிழமை நீங்க கும்பகோணம் போய்ட்டு வந்தா சேர்த்துக்குவாங்க. போகலைன்னா சீட் வேற பிள்ளைக்குப் போயிடும். அரை மணி நேர வேலைங்க.”

“பள்ளிக்கூடத்துல ஏது விசுவாசம்? எல்லாம் மார்க்கு. நம்ம புள்ள வீட்டுலயே படிக்கட்டும். அமெரிக்காவுல கத்தோலிக்கக் குடும்பங்க இப்படித்தான் வளக்கறாங்க. பாடத்திட்டம்கூட பாத்துட்டேன்.”

ஃபிளோரா கொட்டாவியை அடக்கிக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தாள்.

“எழுத்துப் பயிற்சிக்கு இது. முதல் பாடமே எவ்வளவு அழகு பாரு. ஜன்னலுக்கு வெளிய கொட்டுற பனியைப் பத்திப் பத்து வரி.”

“நம்ம ஜன்னலுக்கு வெளிய டிராக்டர்தாங்க நிக்குது. வெண்ணாத்துல தண்ணி வர்றதப் பத்தி எழுதச் சொல்லுங்க.”

“அது சிலபஸ்ல இல்ல.”

மதக்கல்விக்கு மூன்று பாடத்திட்டங்கள். ஒன்றில் வீடியோ. இன்னொன்றில் வண்ணப்படங்கள். மூன்றாவதில் பெற்றோருக்கும் தேர்வு உண்டு. அதை அவர் சட்டென்று மூடிவிட்டார்.

“லத்தீன்லதான் குழப்பம். பழைய ரோமாபுரி உச்சரிப்பு ஒண்ணு, பூசை உச்சரிப்பு ஒண்ணு. எதை எடுக்கறதுன்னு யோசிக்கறேன்.”

“நம்ம தெருவுல எதைப் பேசறாங்க?”

“கிண்டல் பண்ணாத. நீதான் சொல்லிக் குடுக்கப் போற. வேலைய விட்டுடு.”

“நான் ஊசி போடுற ஆளுங்க.”

“மருந்துப் பேரு பாதி லத்தீன்தான். உனக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்.”

ஃபிளோரா கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குள் லின்சி காபியோடு வந்து நின்றாள்.

“அப்பா, லத்தீன்ல யார்கிட்ட பேசறது?”

“ஆண்டவர்கிட்ட.”

“அவருக்குத் தமிழ் தெரியாதா?”

“தெரியும். லத்தீன்ல சொன்னா ஒரு கம்பீரம்.”

“நான் கான்வென்ட்டுக்கே போறேம்பா. சுடர்விழியும் அங்கதான் சேர்றா.”

அவர் காது கேட்காதவர்போலப் பாடத்திட்டங்களின் விலைப்பட்டியலைத் தேடினார். லின்சியின் உதடு பிதுங்கியது.

ஃபிளோரா காபியை ஒரே மடக்கில் குடித்து முடித்தாள். “சரிங்க, வேலைய விட்டுடறேன். லத்தீன் நான் எடுக்கறேன், எழுத்தும் நான் எடுக்கறேன். மதக்கல்விய மட்டும் நீங்க எடுங்க.”

லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த விரல் நின்றது.

“நான் பொதுவா மேற்பார்வை பாக்கறேனே.”

“வேணாம். அதை மூடிட்டு நேரா உக்காருங்க. நாளைக்கு ஒருநாள்தான் இருக்கு. லின்சி, நீ ஒவ்வொரு வரியா சொல்லும்மா, அப்பா பின்னாடியே சொல்லட்டும்.”

போன வாரம் கான்வென்ட் நேர்காணலில் கேட்ட ஜெபமெல்லாம் லின்சி தடங்கலில்லாமல் ஒப்பித்திருந்தாள். ஞாயிறுதோறும் பூசையில் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் பாதியில் நின்றுபோனவர் அப்பாதான். அவரை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வெள்ளிக்கிழமை மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள்.