நீலக் கோட்டு

கோட்டு கைமாறும் விழாவில் சபரிநாதன் மட்டும் வெறும் சட்டையோடு நின்றிருந்தான். நாடெங்கும் கல்லூரிகளில் கிளை பரப்பிய அந்த மாணவர் குழுவில், புதிதாகச் சேரும் ஒவ்வொரு தம்பிக்கும் மூத்த மாணவன் ஒருவன் அண்ணனாக உண்டு. படிப்பு முடித்துப் போகிற அண்ணன், தன் நீலக் கோட்டைக் கழற்றித் தம்பிக்குப் போட்டுவிடுவான். அதற்குப் பிறகுதான் தம்பி முழு உறுப்பினன். சபரியின் அண்ணன் முகிலரசன், போன மாசியில் பைக் விபத்தில் போய்விட்டான்.

"அண்ணன் கையால போட்டாத்தான்டா செல்லும். நீ பேசாம பந்தியில முதல் ஆளா உட்காரு" என்றான் குழுத் தலைவன்.

அப்போதுதான் முகிலரசனின் அப்பா உள்ளே வந்தார். துணிப்பையிலிருந்து சலவை செய்த கோட்டை எடுத்தார். யாரையும் கேட்காமல் சபரிக்கு மாட்டிவிட்டார். தலைவன் வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

"முதுகு அப்படியே அவன்தான்" என்றார் அவர். "வாசல் வரைக்கும் ஒருதரம் நடந்து காட்டுறியாப்பா? திரும்பிடாத. முகம் தெரிஞ்சா வேற பிள்ளையாயிடுவ."

சபரி நடந்தான். கைதட்ட எழுந்தவர்கள் தட்டாமலே நின்றார்கள். வாசலை நெருங்கும்போது பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது.

"முகிலு, மெதுவா ஓட்டிட்டுப் போடா."

சபரி நின்றான். பதில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். திரும்பாமலே தலையை மட்டும் ஆட்டினான்.