கால் மணி நேர டீ

ஒன்பது வருஷத்து நல்ல பேருக்கு விலை போட முடியுமா? ஈரக்கை போட்டுவிட்டார். மீன்குஞ்சு ஒன்றுக்கு இரண்டு டீ காசு.

வண்ணமீன் கடையில் தொட்டிக் கண்ணாடி துடைப்பது அவர் வேலை. எந்நேரமும் கை ஈரமாகவே இருப்பதால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. கறை படாத கை என்று முதலாளி வாயாலேயே பேர் வாங்கியவர். சம்பள உயர்வுதான் வாங்கியதில்லை. கேட்கும்போதெல்லாம் முதலாளி "பாக்கலாம்" என்பார். ஒன்பது வருஷமாக இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாசலோரத் தொட்டியில் புள்ளிக் கெளுத்திகள். விரல் நீளம்கூட இல்லாத மீசைக்கார மீன்கள். பெட்டை விடியற்காலையில் கண்ணாடியில் கடுகு கடுகாய் முட்டை ஒட்டிவைக்கும். மதியத்துக்குள் பெற்றவர்களே அதைத் தின்று தீர்த்துவிடுவார்கள். முதலாளியும் ஒருமுறை எடுத்துப் பொரிக்கப் பார்த்தார். அத்தனையும் வெள்ளை பூத்து அழுகின. "இதுக்கு மாரடிக்க நமக்கு நேரமும் இல்ல, இடமும் இல்ல" என்று விட்டுவிட்டு, குஞ்சுகளை வெளியாளிடம் முழுவிலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

வீணாய்ப் போவதை எடுத்தால் அது திருட்டா என்று ஈரக்கை தன் மனசாட்சியோடு பேரம் பேசினார். முதல் நாள் அது முறைத்தது. மூன்றாம் நாள் படிந்துவிட்டது.

தோதும் இருந்தது. காலையில் அவர் வந்து துணியை நனைத்ததும் முதலாளி டீ குடிக்கக் கிளம்புவார். கால் மணி நேரம். சுவர்க் கடிகாரம் தப்பினாலும் அது தப்பாது. அதற்குள் துடைக்கிற சாக்கில் கட்டைவிரலால் முட்டைகளை உருட்டியெடுத்து, தொட்டித் தண்ணீர் ஊற்றிய மாத்திரை டப்பாவில் போட்டுச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொள்வார்.

அன்றிலிருந்து வீட்டில் மனிதர்களுக்கு இரண்டாம் இடம். ஐஸ்கிரீம் டப்பாவில் முட்டை, அதற்குள் காற்றுக்குழாய், பூஞ்சைக்கு இரண்டு சொட்டு நீல மருந்து. வெளுத்த முட்டையைப் பல்குத்தும் குச்சியால் பொறுக்கிப் போட வேண்டும். நாலாம் நாள் பொரிந்தன. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வாய்களுக்கு, கண்ணுக்குத் தெரியாத இறால் குஞ்சுகளை மூன்று வேளை ஊட்ட வேண்டும். மதியத் தீனி மனைவி தலையில், சாயங்காலத் தண்ணீர் மாற்றம் மகள் தலையில்.

"நம்ம புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்படித் துடிச்சீங்களா?" என்றாள் மனைவி.

ஈரக்கை டப்பாமேல் குனிந்திருந்தார். அழுக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாய் வாயில் இருந்தது.

மூன்று மாதத்தில் குஞ்சுகள் நகத்தளவு வளர்ந்து மீசையைச் சிலிர்த்தன. ஆறை மட்டும் நாளைய சொந்தக் கடைக்கு விதையாக ஒதுக்கினார். மீதியை விற்கப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. கெளுத்திக் குஞ்சு வாங்க அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருந்தது ஒரே கடை. மனைவியின் தம்பிக்கு ஒரு மூக்குக் கண்ணாடியை மாட்டி, தோள்பையைக் கொடுத்து, வெளியூர் வியாபாரி ஆக்கினார்.

பிடிபட்டால் வேலை போகும். அந்தக் கையை நம்பி இன்னொருவன் தொட்டியைத் திறக்க மாட்டான். துடைப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத கை. மச்சான் பையோடு படியேறியபோது ஈரக்கைக்கு உள்ளங்கை மட்டுமல்ல, முதுகும் ஈரம்.

முதலாளி குஞ்சுகள் இருந்த பிளாஸ்டிக் உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "உறை நம்ம கடை உறை மாதிரி இருக்கே."

மச்சான், எல்லாக் கடையிலும் இதே உறைதான் என்று சமாளித்தான். முதலாளி சிரித்துக்கொண்டே திரும்பினார். "ஈரக்கை, உனக்குத்தான் மீனைப் பத்தித் தெரியும். நீ சொல்லு, குஞ்சு எப்படி?"

பெற்ற பிள்ளைபோல் வளர்த்ததை எடைபோடச் சொன்னால் என்ன சொல்வது? புகழ்ந்தால் சந்தேகம் வரும். "கொஞ்சம் சோணிதான், முதலாளி" என்றார்.

மச்சான் கண்ணாடிக்கு மேலாக முறைத்தான். விலை படபடவென இறங்கி, வழக்கமான விலையில் பாதியில் வந்து நின்றது. தொண்ணூற்றாறு குஞ்சுகள் கைமாறின.

மச்சான் தெரு திரும்பியதும் முதலாளி கடைக்கதவைப் பாதி சாத்தினார். "ஈரக்கை, இப்படி வந்து உக்காரு."

ஒன்பது வருஷத்தில் அந்தக் கடையில் அவரை யாரும் உட்காரச் சொன்னதில்லை. முக்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காலில் விழுவதா, உண்மையைச் சொல்வதா, எதை முதலில் செய்வது என்றுதான் யோசனை.

"மச்சான் நல்லாத்தான் பேசுறார். கண்ணாடிதான் சேரல" என்றார் முதலாளி.

ஈரக்கை சட்டென்று எழுந்துவிட்டார். முதலாளி மேசைக்குள்ளிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். "எதுக்குப்பா பயப்படுற? தினமும் முட்டையை எண்ணி எழுதிட்டுத்தானே நான் டீக்குப் போறேன். நான் இங்கேயே இருந்தா நீ எப்படி எடுப்ப? நாளையிலிருந்து இன்னும் அஞ்சு நிமிஷம் சேத்துக் குடிக்கிறேன், கட்டைவிரலை நிதானமா உருட்டு. போன தடவை ரெண்டு நசுங்கிடுச்சு."

நோட்டை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மணிமணியான கையெழுத்து.

கொடுத்த முட்டை 120, வெளுத்துப்போனதாகக் கழிவு 18, வரவு 96. பொரிப்பு, தீனி, தண்ணீர் மாற்றும் கூலி: இல்லை. ஈரக்கை தர வேண்டிய பாக்கி: குஞ்சு 6.