பூஜை பிரித்த காலை

விஜயதசமி வெயில் மேசைமேல் விழுகிறது. பூஜையில் இருந்த கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. ஆனந்தகுமார் பொத்தானை அழுத்துகிறார். திரை கறுப்பாகவே கிடக்கிறது. உள்ளே டக் டக்கென்று சத்தம். இறந்துபோன மகள் அனுப்பிரியா பாடிய வீடியோக்கள் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. “டிஸ்க் போகப்போவுது, இன்னைக்கே காப்பி எடுங்கன்னு கம்ப்யூட்டர் கடை இக்பால் முந்தாநேத்தே சொன்னாருங்களே,” என்கிறாள் மனைவி யோகப்பிரியா. “பூஜைக்கு வெச்சதத் தொடக்கூடாதுன்னு நீதான சொன்னே?” “சொன்னனுங்க. ரெண்டு நாளு சாமி பாத்துக்கும்னு சொன்னது ஆரு?” அவர் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார். சத்தமும் நின்றுவிடுகிறது. அவள் அவர் தோளைத் தொடுகிறாள். “ஏனுங்க, அதுல அவ பாடுன பாட்ட எப்படி எடுப்பா? பாடுங்க.” அவர் மெல்லப் பாடுகிறார். ராகம் சரியாக வருகிறது. குரல் மட்டும் அவருடையதாகவே இருக்கிறது.