டைட்டஸின் ஸ்பீக்கர் பெட்டி

இறந்துபோன டைட்டஸின் பேஸ் கிதார் ஆம்ப்ளிஃபயரை விலைக்கு வாங்க ரெக்ஸன் வந்திருந்தான்.

"ஹெட் மட்டும், அதான் மேல இருக்கற ஆம்ப் மட்டும் போதும்க்கா. ஸ்பீக்கர் பெட்டி எங்கிட்ட இருக்கு. ரெண்டும் சரியாப் பொருந்தும்."

"அவரு பெட்டியில வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போப்பா," என்றாள் டைட்டஸின் மனைவி ஃப்ளோரா.

ரெக்ஸன் தன் கிதாரை அதில் சொருகி, தடித்த கம்பியை மீட்டினான். தரை அதிர்ந்தது. பிறவியிலேயே காது கேளாத டைட்டஸ்-ஃப்ளோராவின் நான்கு வயது மகள் மெர்லின், உள்ளறையிலிருந்து சிரித்தபடி ஓடிவந்தாள். பெட்டிமேல் உள்ளங்கைகளையும் கன்னத்தையும் பதித்துக் கண்களை மூடிக்கொண்டாள். அப்பா வாசிக்கும்போதெல்லாம் அப்படித்தான் நிற்பாள்.

ரெக்ஸனின் விரல்கள் தயங்கின.

"நிறுத்தாதப்பா. இன்னும் கொஞ்சம்," என்றாள் ஃப்ளோரா.

விரல் நோகும்வரை வாசித்தான். அதிர்வு நின்றதும் மெர்லின் கண் திறந்து அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டிக்குப் பின்னால் போய்த் தேடினாள்.