இரண்டு கடலும் நாலு ஓட்டும்

பசிபிக் பெருங்கடலின் விலை ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கொலோன். கரீபியன் கடல் அதைவிட இருபதாயிரம் கூடுதல். நாலு பேருக்கு, இரண்டு ராத்திரிக்கு. மீன் வறுவல் தனி.

இரண்டு விலையையும் சொல்லிவிட்டு, அலமாரி மேலிருந்து இறக்கிய ஐஸ் பெட்டியை மேசை நடுவில் டொம்மென்று வைத்தார் எலியெசர். இரண்டு கடலுக்கும் நடுவிலிருக்கும் சான் ஹோசே நகரச் சந்தையில் தொப்பியும் இடுப்பு வாரும் விற்கிறவர். எந்தப் பேரத்திலும் முதல் அடி சத்தமாக விழ வேண்டும் என்பது அவர் கட்சி.

அன்று குருத்து ஞாயிறு. புனித வாரம் பிறந்துவிட்டால் நகரமே கடற்கரைக்குக் கிளம்பிவிடும். வீட்டில் கிடப்பவர்களைப் பார்த்து நாய்கூடப் பரிதாபப்படும். பக்கத்து வீட்டு ஃப்ளோரி அம்மாள் காலையிலேயே சுவரோரம் வந்து, இந்த வருஷம் எந்தக் கரை என்று கேட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"பசிபிக்தான். புந்தாரேனாஸ்," என்றார் எலியெசர், பிறந்த ஊர்ப் பாசத்தோடு.

"கரீபியன்தான். லிமோன்," என்றாள் மனைவி டாமரிஸ். அவள் பிறந்தது அங்கே.

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. லிமோன் போகிற மலைச்சாலை வருஷத்தில் பாதி நாள் மண் சரிந்து மூடிக் கிடக்கும், காசு கொடுத்து மழையில் நனைய நான் என்ன கிறுக்கனா என்றார் அவர். புந்தாரேனாஸில் மணலே அடுப்புச் சாம்பல் நிறம், அந்தக் கூட்டத்தில் நாம் கழுவுவது நம் கால்தானா என்றுகூடத் தெரியாது என்றாள் அவள். உன் அண்ணன் வீட்டில் மூன்று வேளையும் தேங்காய்ப்பால் சோறுதான் என்றார். உங்கள் தங்கை வீட்டில் தண்ணீரைக்கூட அளந்துதானே ஊற்றுகிறாள் என்றாள்.

கோபத்தில் டாமரிஸ் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறப்பதும் அறைவதுமாக இருந்தாள். வாங்கி அஞ்சு வருஷம் ஆன பெட்டி. உள்ளே கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டு, நேற்று ஒட்டியதுபோல் பளிச்சென்று இருந்தது.

வழக்கம்போல விஷயம் ஓட்டுக்கு வந்தது. மகன் மினோருக்குப் பதினஞ்சு வயது. எப்போதும் அப்பா கட்சி. கை தூக்கினான். அடுத்து சின்னவள் யெண்ட்ரி, பதினொன்று. எப்போதும் அம்மா கட்சி.

"புந்தாரேனாஸ்," என்றாள் யெண்ட்ரி.

டாமரிஸின் கை மூடி மேலேயே நின்றது. "என்னடி சொன்னே?"

"அப்பா சொல்ற கரைக்கே போலாம்மா."

மூன்றுக்கு ஒன்று. இத்தனை வருஷத்தில் எலியெசருக்குக் கிடைத்த முதல் வெற்றி. எந்த வியாபாரியும் அந்த இடத்தில் கைகுலுக்கிக் கல்லாவை மூடியிருப்பான். எலியெசருக்கோ முகம் கறுத்துவிட்டது.

"ஏன், உங்கம்மா ஊருன்னா அவ்வளவு இளக்காரமாப் போச்சா? பெத்தவளை விட்டுக்கொடுக்கிற வீட்டுல எனக்கு ஜெயிக்க வேண்டாம். என் ஓட்டு லிமோனுக்கு."

"என் ஊருக்கு நீங்க ஒண்ணும் தர்மம் பண்ண வேண்டாம்," என்று சீறினாள் டாமரிஸ்.

"உனக்கு அப்படியே உங்கம்மா பிடிவாதம். செத்த பிறகுகூட அந்தம்மா சவப்பெட்டி படியிறங்க மாட்டேன்னு நின்னுச்சே, மறந்துட்டியா?"

டாமரிஸ் மூடியை அறைந்த அறையில் மேசையிலிருந்த தட்டு துள்ளியது. இரண்டுக்கு இரண்டு. இந்த வீட்டில் யாரும் எந்தக் கடலுக்கும் போகப்போவதில்லை என்று அவள் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். ரொம்ப சந்தோஷம் என்று அவரும் தெருவுக்கே சொன்னார். யெண்ட்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓட, மினோர் பின்னாலேயே போனான்.

எலியெசர் ஐஸ் பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டு சமையலறைக்குள் வந்தார். டாமரிஸ் கத்தியோடு நின்றாள். வெங்காயத்துக்காகத்தான்.

"ஃப்ளோரிக்குக் கேட்டிருக்குமா?" என்றார், குரலை இறக்கி.

"ஜன்னலைச் சாத்துற சத்தம் கேட்டுச்சு."

"மூணுக்கு ஒண்ணுன்னதும் எனக்கு உயிரே போயிடுச்சு, டாமரிஸ்."

டிசம்பர் வியாபாரத்தில் மிஞ்சியதையெல்லாம் பள்ளி திறக்கிற பிப்ரவரியில் சீருடையும் காலணியும் தின்றுவிட்டன, எல்லா வருஷமும்போல. கையில் காசு இல்லை என்று பெற்ற பிள்ளைகளிடம் சொல்வதைவிட, சண்டைக்காரர்கள் என்று ஊரில் பெயர் வாங்குவது மலிவு.

"எங்கம்மாவை இழுத்தீங்களே, அது நாம பேசி வச்சதுலயே இல்லையே," என்றாள்.

"பாக்கி வச்சுக்கோ. அடுத்த வருஷம் எங்கம்மாவை இழு."

அவள் சிரிக்கவில்லை. "சின்னவ நிஜமாவே கடலுக்கு ஏங்கிப்போயிட்டா. அதான் கட்சி மாறிட்டா. அவளைப் போய்த் திட்டிட்டீங்க."

எலியெசர் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தோலை உரிக்க ஆரம்பித்தார்.

கொல்லையில், துணி துவைக்கிற தொட்டிக்குப் பின்னால் தங்கையின் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தான் மினோர். அவன் கோபம் நிஜக் கோபம்.

"உனக்கு அறிவிருக்கா? மூணுக்கு ஒண்ணு ஆக்கிட்டியே, அப்பா மட்டும் மாறலேன்னா பணத்துக்கு எங்கே போயிருப்பாரு?"

"மாறிடுவாருன்னு தெரியும்," என்று மூக்கை உறிஞ்சினாள் யெண்ட்ரி. "வருஷா வருஷம் ரெண்டுக்கு ரெண்டாவே போட்டுக்கிட்டிருந்தா, நமக்கு விஷயம் தெரியும்னு அவங்க கண்டுபிடிச்சிட மாட்டாங்களா, அண்ணா?"