குளியல் தொட்டிக்கு வரி

சௌக்கியமா கண்ணுங்களா?

ரெண்டு நாட்டு வியாபாரப் பேச்சு எல்லாம் சுமுகமா முடிஞ்சு, கடைசியில குளியல் தொட்டில வந்து முட்டிக்கிச்சு. நம்ம நாட்டு மேடம் நூறு சதவீத வரி போட்டே தீரணும்னு நின்னாங்க.

"தொட்டி செய்ற கம்பெனியே நம்மகிட்ட இல்லையே மேடம். இறக்குமதி பண்றதும் இந்த ஒரே ஆளுதான். இதுக்குப்போய் ஒப்பந்தம் முறியணுமா?" உதவி அதிகாரி காகிதத்தை நீட்டிக் கெஞ்சினாரு.

"முறியட்டும்."

எதிர்ல இருந்த அந்த நாட்டு அம்மா காகிதத்தை வாங்கி, அந்த ஆளு பேரைப் படிச்சாங்க. "இருநூறாவே போடுங்க"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க.

மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வராந்தாவுல மெதுவா கேட்டாங்க: "உங்களையுமா விட்டுட்டுப் போனான்?"

"தொட்டி வாங்க வந்தவன் என்னைக் கட்டிக்கிட்டு, மூணே வருஷத்துல கம்பி நீட்டிட்டான் அக்கா. அவன் கடையை இழுத்து மூடினதும் ஒரு போன் பண்ணுங்க."

நீங்க யாரையாச்சும் இப்படிப் பழி தீர்த்திருந்தா எனக்கும் எழுதுங்க.